சரக்குக் கப்பல் ஒவ்வொரு தடவையும் வெடிக்கிறது (ஃப்ரீஸ்பேஸ் 2)

கேள்வி: 2024 ஜூன் 7, பெகுவிலிருந்து

அண்ணே, ஃப்ரீஸ்பேஸ் 2 என்கிற விண்வெளிச் சண்டைக் கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. எதிரி ஃபைட்டரை, அதாவது சின்னச் சண்டைக் கப்பலை, சுடுவது எனக்கு நன்றாகவே வருகிறது. ஒரு மிஷனில் பதினொன்று அடித்தேன். ஆனால் காவல் மிஷன் வந்தால் தோல்விதான். காக்கச் சொன்ன கப்பல் ஒவ்வொரு தடவையும் வெடித்துவிடுகிறது. மவுஸ் வைத்து ஆடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜாய்ஸ்டிக் இல்லாதவனுக்கு இந்த ஆட்டம் இல்லை. ரங்கூனில் நல்ல ஜாய்ஸ்டிக் எங்கே கிடைக்கும்?

ஜூன் 7, இரவு 10.15

வாங்காதே தம்பி. காசை வைத்துக்கொள். குறை உன் கையில் இல்லை, நீ பெருமையாக எழுதின அந்தப் பதினொன்றில் இருக்கிறது. காவல் மிஷனில் பதினொரு ஃபைட்டரை அடித்தவன் பதினொரு தடவை கப்பலைத் தனியே விட்டுப் போயிருக்கிறான்.

நான் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கிடங்கில் புதிதாகச் சேரும் பையன்கள் எலியைக் கண்டால் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கூரை ஒழுகி இருபது மூட்டை உளுந்து நனைந்திருக்கும். எலி தின்றால் ஒரு படி போகும், மழை புகுந்தால் லோடே போகும். உன் ஃபைட்டர்கள் எல்லாம் எலி. பாம்பர்தான் ஒழுகல்.

பி விசையை அழுத்து. பறந்து வரும் குண்டோ அதைச் சுமந்து வரும் பாம்பரோ குறியில் வந்து நிற்கும். அருகில் உள்ள எதிரியைக் காட்டும் எச் விசையை இரண்டு நாள் மறந்துவிடு. மீதி நாளை, பேட்டரி இறங்குகிறது.

ஜூன் 8, காலை 6.50

முக்கியமானதை விட்டுவிட்டேன். பாம்பரை மட்டுமல்ல, அது விட்ட குண்டையும் சுடலாம். பல பேருக்கு இது தெரியாது. எனக்கே முதல் ஒரு வருடம் தெரியாது. குண்டு கிளம்பிவிட்டால் கதை முடிந்தது என்று கப்பல் வெடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்தில் பெரிய கப்பலைக் கொல்லும் குண்டுகள் மெதுவாக வருபவை. சைக்ளோப்ஸ், ஹெலியோஸ் எல்லாம் அந்த வகை. ஃபைட்டர் மேல் விடும் ஏவுகணை போலச் சீறிக்கொண்டு வராது. நேற்று நானே ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். மூன்று பாம்பர். பி அழுத்தினதும் குறிக்கட்டம் முதல் பாம்பர் மேல் விழுந்தது. போகும் வழியில் ஒரு ஃபைட்டர் என் முதுகில் ஏறிச் சுட்டுக்கொண்டே வருகிறது, திரும்பி ஒரு போடு போடலாமா என்று கை துடிக்கிறது. திரும்பவில்லை. முதல் பாம்பர் வெடித்தது. மறுபடி பி அழுத்தினால் கட்டம் பாம்பருக்குப் போகாமல் ஒரு சின்னப் புள்ளி மேல் போய் உட்கார்ந்தது. அதுதான் குண்டு. கட்டத்துக்கு முன்னால் மிதக்கும் அந்த முன்குறியில் சுட்டேன், நாலைந்து தோட்டாவில் முடிந்தது. கிட்டே போய்ச் சுடாதே, வெடிக்கும் அதிர்வு உன்னையும் தூக்கி அடிக்கும்.

மவுஸில்தான் ஆடினேன், குறித்துக்கொள்.

ஜூன் 8, பிற்பகல்

“பி அழுத்தினால் ஒன்றும் வரவில்லை” என்று எழுதியிருக்கிறாய். பாம்பர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதுவரை கப்பலை விட்டு நகராதே. இ விசை காக்க வேண்டிய கப்பலைக் குறியில் கொண்டுவரும், எம் விசை உன் வேகத்தை அதன் வேகத்தோடு பொருத்தும். அந்த இரண்டையும் அழுத்திவிட்டு டீ குடி. வலது பக்கம் கப்பல்களின் பெயரும் சதவீதமும் ஓடும் சின்னப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே குடி. எந்த எண் இறங்குகிறதோ அங்கே போ.

ஜூன் 11, இரவு 9.30

இன்று ஆற்றல் பங்கீடு. உன் கப்பலின் மின்சாரம் மூன்று இடத்துக்குப் போகிறது: துப்பாக்கி, ஷீல்டு (கப்பலைச் சுற்றி நிற்கும் கவசம்), இன்ஜின். இன்சர்ட் – டெலீட் துப்பாக்கிக்கு, ஹோம் – எண்டு ஷீல்டுக்கு, பேஜ் அப் – பேஜ் டவுன் இன்ஜினுக்கு. ஒன்றை ஏற்றினால் மற்ற இரண்டும் இறங்கும். நம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றுவது மாதிரி.

என் வழி இது: இன்ஜினுக்கு முழுசாகக் கொடுத்துவிடு. ஷீல்டுக்கு ஒன்றும் வேண்டாம். வேகமாகப் போகிறவனை எவன் அடிக்கிறான்?

ஜூன் 14, இரவு

மேலே உள்ள குறிப்பின் கடைசிப் பத்தியை யாரும் பின்பற்ற வேண்டாம். அடித்துவிட்டார்கள்.

நான் பல வருடம் பெர்சியஸ் என்கிற விரைவு ஃபைட்டரிலேயே ஆடினவன். அதில் இன்ஜினை ஏற்றினால் ஓடித் தப்பலாம். நேற்று ஹெர்குலிஸ் மார்க் 2 எடுத்தேன். கனமான வண்டி, மாட்டு வண்டிக்குப் பெயர் மாற்றி வைத்த மாதிரி. முழு இன்ஜினும் கொடுத்து ஒரு பாம்பரின் பின்னால் போனேன். பாம்பரின் வாலில் ஒரு டரட், தானாகத் திரும்பிச் சுடும் துப்பாக்கி, உண்டு என்பது மறந்துபோயிற்று. ஷீல்டு நிரம்பவே இல்லை. பாம்பரை எட்டுவதற்குள் நானே வெடித்தேன். என் பையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே திருத்தம். போகும்போது இன்ஜின், போய்ச் சேர்ந்ததும் துப்பாக்கி, அடி விழுந்தால் ஷீல்டு. ஒரே இடத்தில் வைத்துவிட்டு உட்காரக் கூடாது, ஓட்டிக்கொண்டே மாற்ற வேண்டும். ஷீல்டு நான்கு பக்கமாகப் பிரிந்திருக்கும். முதுகில் எவனாவது ஒட்டிக்கொண்டால் கீழ் அம்பு விசையை இரண்டு மூன்று தடவை தட்டு, மற்ற பக்கத்து ஷீல்டு பின்பக்கம் போய்ச் சேரும். அவன் போனதும் க்யூ, நான்கும் சமமாகும். இதைப் பழகவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

ஜூன் 15

லேப்டாப்பில் இன்சர்ட், ஹோம் எல்லாம் தனியாக இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விசைகளை மாற்றும் பக்கம் ஆட்டத்திலேயே இருக்கிறது. இடது கைக்கு எட்டும் எண் விசைகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பி விசையை மட்டும் யாரும் தொடாதீர்கள், நான் இனிமேல் எழுதுவதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஜூன் 19, விடியற்காலை 4.20

கரண்டு இப்போதுதான் வந்தது. எங்கள் தெருவில் நாலு மணி நேரம் இருந்தால் அப்புறம் எப்போது வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். இன்வெர்ட்டரில் ஃபேனும் ஒரு விளக்கும் ஓடும். கம்ப்யூட்டரைப் போட்டால் வீட்டில் ஒரு பார்வை வரும், அதைத் தாங்கும் ஷீல்டு எந்த ஆட்டத்திலும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மிஷன் நடுவில் சேமிக்கும் வசதி இந்த ஆட்டத்தில் கிடையாது. முடித்தால் முடித்தது, இல்லாவிட்டால் முதலிலிருந்து. முன்பெல்லாம் இதற்காக ஆட்டத்தைத் திட்டினேன். இப்போது பார்த்தால் ரங்கூனுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஒரு மிஷன் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடம். கரண்டு வந்ததும் தண்ணீர் மோட்டார் போட்டு, அரிசி குக்கர் வைத்து, ஒரு மிஷன் ஆடிவிடலாம். உலகம் முழுக்கச் சுற்றும் இந்தக் காலத்து ஆட்டங்களில் எங்கே விட்டோம் என்று தேடுவதற்குள் கரண்டு போய்விடும்.

இரண்டு விஷயம். சும்மா பறந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஷிஃப்டோடு புள்ளி விசையை அழுத்தினால் காலம் வேகமாக ஓடும். ஷிஃப்டோடு காற்புள்ளி அழுத்தினால் பழைய நிலை. எதிரி வந்த பிறகும் மறந்து அப்படியே விட்டுவிடாதே. நான் விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, ஒரே மிஷனில் ஐந்து தடவை தோற்றால் “வேண்டுமானால் அடுத்ததற்குப் போ” என்று ஆட்டமே வழி விடும். வெட்கப்பட ஒன்றுமில்லை. கஷ்ட அளவும் ஐந்து படி இருக்கிறது, மிக எளிது முதல் பைத்தியக்காரத்தனம் வரை. நான் நடுப்படியில் தொடங்கி இரண்டாம் படிக்கு இறங்கி அங்கேயே குடியிருக்கிறேன். பைத்தியப் படியில் ஆடுகிறவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எனக்குப் புத்தி சொல்ல வராதீர்கள்.

ஜூன் 23, ஞாயிறு

மொகிங்கா (நம்மூர் மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், பழசு நினைவுக்கு வருகிறது. ஆட்டம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தாய்.

இதைச் செய்தது வொலிஷன், வெளியிட்டது இன்டர்ப்ளே, 1999 செப்டம்பர் கடைசியில். அதற்கு முந்தின ஆட்டம் 1998-ல் வந்தது. கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான், மூன்று சிடி. அப்போது எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடு இரண்டோ மூன்றோதான். ஒன்று டைப்பிங் கடை, அங்கேதான் வேலைக்குப் பிறகு ஆடுவேன். ரங்கூன் மழை தெரியுமே, சிடியை டின்னுக்குள் போட்டு வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். மூன்றாவது சிடியில் வட்டம் வட்டமாகப் பிடித்துவிட்டது. வேட்டித் துணியால் துடைத்தேன், பல் தேய்க்கும் பேஸ்ட்டும் போட்டுப் பார்த்தேன். படிக்கவில்லை. கதையின் கடைசிப் பங்கு என்ன என்று தெரியாமலேயே பல வருடம் போயிற்று.

அப்புறம்தான் தெரிந்தது, 2002-லேயே வொலிஷன் ஆட்டத்தின் மூல நிரலை வெளியே விட்டிருக்கிறது. ரசிகர்கள் அதை எடுத்து இன்று வரை திருத்திக்கொண்டே வருகிறார்கள். படங்கள் எல்லாம் புதுசு போல இருக்கும், புதுக் கணினியிலும் ஓடும். நோஸஸ் என்கிற நிறுவியை இறக்கினால் அதுவே எல்லாவற்றையும் எடுத்துப் போடும். ஆனால் மூல ஆட்டம் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்குச் சென்னையிலிருக்கும் மச்சான் வாங்கித் தந்தான். மேம்படுத்திய படங்களின் கோப்பு பெரிசு, பல ஜிபி. நான் அதை இறக்க ஒன்பது ராத்திரி ஆயிற்று. அது இல்லாமலும் ஆடலாம், அவசரமில்லை.

வொலிஷனை 2023-ல் மூடிவிட்டார்கள். செய்தி படித்த அன்று நான் ஏதோ செய்ய வேண்டும் போல இருந்தது. முதல் மிஷனைத் திரும்ப ஆடினேன்.

ஜூன் 24

பேஸ்ட் போட்டால் கீறல்தான் போகும், பூஞ்சை போகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருபது வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம் ஐயா.

ஜூன் 30, இரவு

உன்னோடு பறக்கும் விங்மேன்களைச் சும்மா விடாதே. சி விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் உன் அணிக்குக் கட்டளை கொடுக்கலாம். நீ பாம்பரின் பின்னால் போகும்போது மற்றவர்களைக் கப்பலைக் காக்கச் சொல். உனக்குப் பெயர் கிடையாது, எல்லா மிஷனிலும் நீ ஆல்ஃபா ஒன்று. பீட்டா அணி சொன்னதைக் கேட்கும், கேட்டுவிட்டுச் செத்தும் போகும். எங்கள் மண்டிப் பையன்களைவிடப் பரவாயில்லை.

அதே பட்டியலில் ஐந்தாவது, பராமரிப்புக் கப்பலைக் கூப்பிடுவது. ஏவுகணை தீர்ந்துவிட்டால் வந்து நிரப்பும். உன் கப்பலின் உடம்பு நொறுங்கியிருந்தால் அதையும் சரி செய்து தரும்.

ஜூலை 1

இல்லை, தராது. நேற்றுப் பாதித் தூக்கத்தில் எழுதிவிட்டேன். இன்று வேண்டுமென்றே அடி வாங்கி 40 சதவீதத்துக்கு இறங்கிப் பராமரிப்பைக் கூப்பிட்டேன். ஏவுகணை நிரம்பியது, எதிரி ஏவுகணையை ஏமாற்ற எக்ஸ் விசையில் விடும் பொறி நிரம்பியது, கெட்டுப்போன இன்ஜின் சரியானது. உடம்பு 40-லேயே நின்றது. ரசிகர்கள் செய்த சில மிஷன்களில் உடம்பையும் ஒட்டித் தருவார்கள், அதை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். மூல ஆட்டத்தில் போன உடம்பு போனதுதான்.

ஜூலை 6, சனி

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரி இனத்துக்குப் பெயர் ஷிவன். நம் சிவன்தான், அழிக்கும் தெய்வம் என்ற கணக்கில் வைத்துவிட்டார்கள். அவர்களுடைய ஒரு க்ரூஸருக்கு ராக்ஷஸா என்று பெயர். ஒரு பெரிய டிஸ்ட்ராயருக்கு ராவணா. அந்த ராவணாவைக் கொல்வதற்கென்றே ஒரு மிஷனும் உண்டு. சிவன் படையில் ராவணன் இருப்பது ஒரு விதத்தில் சரிதான், அவன் சிவபக்தன் அல்லவா. வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு.

நம் பக்கத்துக் கூட்டாளி இனத்துக்குப் பெயர் வாசுடன். வாசுதேவன் என்று நினைத்துவிடாதே. அவர்கள் கப்பல்களுக்கெல்லாம் எகிப்துப் பெயர், ஹோரஸ், அனுபிஸ், ஒஸைரிஸ் என்று. பழைய சண்டையில் மனிதர்களும் அவர்களும் அடித்துக்கொண்டிருந்தபோது ஷிவன்கள் வந்து இரண்டு பேரையும் அடித்தார்கள், அதனால் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஆட்டம் அதற்கு 32 வருடம் பின்னால் தொடங்குகிறது. போஷ் என்கிற அட்மிரல் வாசுடன்களோடு கூட்டு வேண்டாம் என்று தனிப்படை கட்டிக் கலகம் செய்கிறான். முதலில் நீ சுடுவது அவன் ஆட்களை, அதாவது மனிதர்களை. ஷிவன் அப்புறம் வருவான்.

அம்மா ஒரு நாள் “ராத்திரி முழுக்க யாரைச் சுடுகிறாய்?” என்று கேட்டாள். ஷிவன் என்றேன். அன்று சோறு தாமதமாக வந்தது. மறுநாள் ராவணன் என்று சொன்னேன், தகராறு இல்லை.

ஜூலை 13, இரவு 11

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இப்படிப்பட்ட ராத்திரியில் நெபுலா மிஷன்தான், விண்வெளி மேகத்துக்குள் நடப்பது, ஆட வேண்டும். அங்கேயும் இதே கதிதான்: எதிரே ஒன்றும் தெரியாது, சென்சார் கொஞ்ச தூரத்துக்கு மேல் எட்டாது. மின்னல் அடித்தால் திரையில் உள்ள எழுத்தும் கட்டமும் குழம்பி ஆடும். முதல் தடவை என் மானிட்டர்தான் போயிற்று என்று வயரைப் பிடுங்கிச் செருகினேன்.

நெபுலாவில் பி விசை உன்னைக் காப்பாற்றாது. சென்சாருக்கு எட்டாத குண்டு குறியில் வராது. அங்கே மட்டும் கப்பலோடு இன்னும் நெருக்கமாக இரு. புதிதாக எவன் வந்தாலும் முதலில் இடது பக்கம் உள்ள கட்டளைப் பட்டியலைப் பார். என்ன செய்ய வேண்டும், இன்னும் எத்தனை பாக்கி என்று அங்கே வந்துகொண்டே இருக்கும். இதை நான் முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். மிஷனுக்கு முன்னால் வரும் விளக்கத்தை நீ தாண்டிவிடுகிறாய் என்பது உன் கேள்விகளிலேயே தெரிகிறது. இங்கிலீஷ் ஓடவில்லை என்றால் படத்தை மட்டும் பார். எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று அம்புக்குறி நகர்ந்து காட்டும். தோற்ற பிறகு வரும் பக்கத்தில் “பரிந்துரை” என்று ஒரு பொத்தான் இருக்கும், எங்கே கோட்டை விட்டாய் என்று அது சொல்லும். நான் அதைப் பத்து வருடம் அழுத்தாமல் ஆடினவன், அதனால் உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

கோயிலில் கூழ். ஆட்டம் இல்லை.

ஜூலை 20

ஆயுதம் பற்றி இரண்டு பேர் கேட்டதற்கு. சர்சி என்கிற துப்பாக்கி ஷீல்டைத் தின்னும், உடம்பை ஒன்றும் செய்யாது. மாக்ஸிம் துப்பாக்கி நேர் எதிர், ஷீல்டில் பட்டால் வீண், ஆனால் ரொம்பத் தூரத்திலிருந்து பெரிய கப்பலின் டரட்டைக் கொறிக்கலாம். ட்ரெபுஷே தொலைதூர ஏவுகணை, வரும் பாம்பரைக் கப்பலுக்கு எட்டாத தூரத்திலேயே முடிக்க அதுதான். குறி பிடிக்கும் வரை எதிரியைக் கட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும். டெம்பஸ்ட் ஏவுகணை குறி பிடிக்காது, நேராகப் போகும். மூக்கு இடிக்கிற தூரத்தில் விட வேண்டும். காவல் மிஷனுக்கு என் மூட்டையில் எப்போதும் ட்ரெபுஷே ஒரு பக்கம் இருக்கும். மற்றது உன் இஷ்டம்.

சரி, ஒரு ஒப்புதல். போன வாரம் நானே ஜாய்ஸ்டிக் வாங்கிவிட்டேன். பழைய சாமான் கடையில் இருந்தது, மலிவாகத் தந்தான். கையை எடுத்தாலும் கப்பல் தானாக இடது பக்கம் சாய்கிறது. உள்ளே தேய்ந்துபோயிருக்கிறது. இரண்டு நாள் இடது பக்கமாகவே சுற்றினேன். மறுபடி மவுஸ்.

ஜூலை 28, ஞாயிறு

பெகு தம்பி நன்றாக முன்னேறி சதானஸ் வரை வந்துவிட்டான். இதற்கு மேல் கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

சதானஸ் ஷிவன்களின் ராட்சதக் கப்பல். அதன் முன்பக்கம் நான்கு பெரிய பீம். இந்த ஆட்டத்தில் ஷிவன் பீம் என்றால் ஒரு சிவப்பு ஒளிக்கம்பி நீளும், எதிரே இருந்த கப்பல் பாதியாகப் போகும். நம் பக்கத்தில் கொலோஸஸ் என்று ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒன்று இருக்கிறது, கட்ட இருபது வருடம் ஆனதாகக் கதை. அடுத்த மிஷனில் இரண்டும் மோதும். அதற்கு முந்தின மிஷனில் உன் வேலை அந்த நான்கு பீமையும் உடைப்பது. எத்தனை உடைக்கிறாயோ அத்தனை அடி கொலோஸஸுக்கு மிச்சம். ஒரு மிஷனில் செய்தது அடுத்ததில் வந்து நிற்பது எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த இடம் இதுதான்.

எஸ் விசை கப்பலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் குறியில் கொண்டுவரும். பீமைப் பிடிக்கும் வரை தட்டு. நேர் முன்னால் நிற்காதே. ஃபைட்டர்கள் உன்னைச் சீண்டுவார்கள், நீ திரும்பாதே. எலிக்கதை ஞாபகம் இருக்கட்டும். ஆனால் இங்கே நீ காவல்காரன் இல்லை, கன்னம் வைக்கிறவன். ஒரு பீமை உடைத்துவிட்டு அடுத்ததற்கு உடனே போ, வெடிப்பதை ரசிக்க நேரமில்லை.

நான் நேற்று மூன்றை உடைத்தேன். நான்காவது 12 சதவீதத்தில் இருந்தபோது கரண்டு போனது.

ஆகஸ்ட் 4

கடைசிப் பங்கில் கபெல்லா என்கிற மண்டலத்தை விட்டு மக்கள் வெளியேறுகிறார்கள். கப்பல் கப்பலாகப் போகும், நீ காவல். மூன்றாவது சிடி படிக்காததால் பல வருடம் கழித்துத்தான் இந்த மிஷன்களைப் பார்த்தேன். நான் சொன்ன பி விசை, ட்ரெபுஷே எல்லாம் இங்கேதான் மொத்தமாக வேண்டியிருக்கும். எல்லாக் கப்பலையும் காப்பாற்ற முடியாது. பட்டியலில் ஒரு பெயர் மங்கி மறையும், அடுத்தது ஏறி வரும்.

என் தாத்தா 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது இங்கிருந்து நடந்து போனவர். லட்சக்கணக்கானோர் நடந்தார்கள், எத்தனை பேர் காட்டில் விழுந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவர் மணிப்பூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்து, சண்டை முடிந்து மறுபடி ரங்கூனுக்கே வந்துவிட்டார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டால், கடைச் சாவி கையில் இருந்தது என்பார். கடை இருக்கவில்லை.

முதல் தடவை அந்த மிஷனை ஆடினபோது ஒரு ஃபைட்டரைக்கூடத் துரத்தவில்லை. எண்ணிக்கை பூஜ்யம். இருந்தும் மிஷன் ஜெயித்தது.

ஆகஸ்ட் 11, காலை

தம்பி எழுதியிருக்கிறான்: அந்தப் பழைய சரக்குக் கப்பல் மிஷனைத் திரும்பப் போய் ஆடினானாம், கப்பல் 71 சதவீதத்தோடு தப்பியது, அவன் அடித்த ஃபைட்டர் இரண்டு. “போர் அடிக்கிறது அண்ணே” என்றும் சேர்த்திருக்கிறான்.

கடைசி மிஷனில் கிளம்புவதா நிற்பதா என்று கேட்டிருக்கிறாய். ஆல்ட் – ஜே அழுத்தினால் கிளம்பிவிடலாம். நான் இரண்டு விதமாகவும் ஆடியிருக்கிறேன், சொல்ல மாட்டேன்.

நான்காவது பீம் நேற்று விழுந்தது, விடியற்காலை மூன்றே காலுக்கு. கொலோஸஸ் மோதும் மிஷனைத் தொடங்கலாமா என்று பார்த்தேன், தண்ணீர் மோட்டார் போடவில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்து போனேன்.